பீரங்கி வண்டியும் மாலுமிகளும்

அன்புள்ள ஐயா,

2022இல் எலிசபெத் ராணியின் இறுதி ஊர்வலத்தை டிவியில் பார்த்தேன். சவப்பெட்டி இருந்த பீரங்கி வண்டியைக் கடற்படையினர் தேர் இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு போனார்கள். ஆயிரம் வருஷத்து வழக்கம் என்கிறார் நண்பர். சல்யூட் அடிப்பதும் கவசம் அணிந்த வீரர்கள் முகமூடியைத் தூக்கிக் காட்டியதிலிருந்து வந்ததாம். உண்மையா?

ஆர்., திருநெல்வேலி

அன்புள்ள ஆர்.,

ஆயிரம் வருஷமெல்லாம் இல்லை. 1901 பிப்ரவரி 2ஆம் தேதி விண்ட்சர் ரயில் நிலைய வாசலில் ஆரம்பித்த சங்கதி அது.

விக்டோரியா ராணி தனக்கு ராணுவ முறையில் அடக்கம் நடக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். லண்டனிலிருந்து ரயிலில் பெட்டி வந்து இறங்கியது. பீரங்கிப் படையின் குதிரைகள் குளிரில் வெகுநேரம் நின்றிருந்தன. கிளம்பச் சொன்னதும் அவை திமிற, வண்டியோடு பிணைத்திருந்த இணைப்பு முறிந்துபோனது. உலகத்து அரசர்கள் பாதிப்பேர் பின்னால் நிற்கிறார்கள், வண்டி நகரவில்லை! ராணியின் பேத்தி கணவரும் கடற்படை அதிகாரியுமான லூயிஸ் பேட்டன்பர்க், அணிவகுப்பு மரியாதைக்கு வந்திருந்த மாலுமிகளை இழுக்கச் சொல்லலாம் என்று புது அரசர் எட்வர்டிடம் யோசனை சொன்னார். கயிறு வேண்டுமே? குதிரைச் சேணத்தின் வார்களையும், ரயிலில் ஆபத்துக்கு இழுக்கும் கயிற்றையும் கழற்றிக் கட்டினார்கள். பீரங்கிப் படையினருக்கு முகம் சுண்டிப்போனது. அவர்கள் கோபம் நியாயமானதுதான்.

என்னைக் கேட்டால், இந்த வழக்கம் பிறந்த வருஷம் 1901 அல்ல, 1910. முதல் தடவை நடந்தது விபத்தைச் சமாளித்த சாமர்த்தியம், அவ்வளவுதான். எட்வர்ட் இறந்தபோது குதிரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தும் விண்ட்சரில் மாலுமிகளையே இழுக்கச் சொன்னார்கள். வேண்டுமென்றே இரண்டாம் தடவை செய்ததும் அது சம்பிரதாயமாகிவிட்டது. 2022இல் இழுத்தவர்கள் 142 பேர். அதில் பின்வரிசையில் கயிறு பிடித்துப் போன 40 பேரின் வேலை இழுப்பதல்ல, பிரேக் போடுவது.

அந்த லூயிஸின் மகன்தான் நம் மவுண்ட்பேட்டன். அவர் இங்கே கவர்னர் ஜெனரலாக இருந்தபோதுதான், 1948 ஜனவரி 31 அன்று, காந்தியின் உடலை வைத்த ராணுவ வண்டியை எஞ்சினை ஓட்டாமல் முப்படை வீரர்கள் கயிறு பிடித்து இழுத்தார்கள். ஏற்பாடுகளைக் கவனித்தவர் அப்போதைய இந்தியத் தரைப்படைத் தளபதி ராய் புச்சர், ஆங்கிலேயர். அகிம்சை பேசியவருக்கு ராணுவ வண்டியா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. எனக்கும் அது உறுத்தலாகத்தான் இருக்கிறது. 1979இல் மவுண்ட்பேட்டன் கொல்லப்பட்டபோது அவர் பெட்டியையும் லண்டனில் மாலுமிகள்தான் இழுத்தார்கள்.

அப்புறம் சல்யூட். முகமூடிக் கதை கேட்க நன்றாயிருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. ஆதாரம் உள்ளது தொப்பிக்கு. பெரியவர்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவது ஐரோப்பிய மரியாதை. சிப்பாய்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். 1745இல் பிரிட்டனின் கோல்ட்ஸ்ட்ரீம் படைப்பிரிவில் ஓர் உத்தரவு போட்டார்கள்: அதிகாரியைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்ற வேண்டாம், கையைத் தொப்பிவரை கொண்டுபோய்த் தலையைக் குனிந்தால் போதும். பிற்பாடு அந்தக் குனிதலும் போய்விட்டது, கை மட்டும் மிச்சம். நண்பரிடம் இதைச் சொல்லுங்கள், நம்ப மாட்டார்.