யார் வீட்டுப் பணம்?

அன்புள்ள ஐயா,

வங்கியில் வாங்கி, பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடையாகக் கொடுத்த தேர்தல் பத்திரங்களைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். தொழில் செய்கிறவன் எல்லாக் கட்சியையும் அனுசரித்துத்தான் போக வேண்டும். யாருக்குக் கொடுத்தான் என்று வெளியே தெரிந்தால், ஆட்சி மாறும்போது அவன் கதி என்ன? வாக்கு ரகசியம் என்றால் நன்கொடையும் ரகசியமாக இருக்கட்டுமே. அவன் பணம், அவன் கொடுக்கிறான். நானும் சில பங்குகள் வைத்திருக்கிறேன். லாபம் வந்தால் எனக்குப் போதும்.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

மளிகைக் கடைக்காரர் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அது அவர் பணம். நீங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தில் அது உங்கள் பணமும்தான். தணிக்கையாளரை நியமிக்கக்கூட உங்கள் வாக்கு வேண்டும். கட்சிக்குக் கோடிகளைக் கொடுக்க இயக்குநர் குழுவின் தீர்மானம் போதும். லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்றிருந்த வரம்பை 2017-இல் எடுத்துவிட்டார்கள். எந்தக் கட்சிக்கு என்று கணக்கில் காட்டவும் வேண்டாம் என்றார்கள். நஷ்டத்தில் ஓடும் நிறுவனமும் அள்ளிக் கொடுக்க முடிந்தது, உங்களுக்குத் தெரியாமலே.

ரகசியம் என்கிறீர்கள். யாரிடமிருந்து? பத்திரத்தில் வாங்கியவர் பெயர் கிடையாது. ஆனால் புற ஊதா விளக்கின் கீழே பிடித்தால் மட்டும் தெரியும் ஓர் எண் இருந்தது. விற்றது அரசுடைமை வங்கியான ஸ்டேட் வங்கி. வழக்குப் பதிந்த புலனாய்வு அமைப்பு கேட்டால் விவரம் தர வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. ஆள்பவர் அறிய வழி இருந்தது. கண்ணைக் கட்டியது உங்களுக்கும் எனக்கும்தான்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்தது. யார் வாங்கினார்கள் என்ற விவரத்தைத் தரச் சொன்னதும் ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட வங்கி, நீதிமன்றம் மறுத்த மறுநாளே கொடுத்துவிட்டது! பட்டியலில் முதலிடம், 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய கோவையின் ஃபியூச்சர் கேமிங். லாட்டரி நிறுவனம், தமிழ்நாட்டிலோ 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அதில் ஐந்நூறு கோடிக்கு மேல் தனக்கு வந்ததாகத் திமுகவே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. மொத்தப் பத்திரங்களில் ஏறக்குறைய பாதித் தொகை பாஜகவுக்கு. கட்சி பேதம் பார்த்து நான் எழுதவில்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

வாக்கோடு ஒப்பிட்டீர்கள். வாக்கு ஆளுக்கு ஒன்று. இங்கே விற்ற தொகையில் பெரும்பகுதி ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள்.

இப்போது கட்சியின் பெயரைக் கணக்கில் காட்டியாக வேண்டும். ஆனால் தேர்தல் அறக்கட்டளை என்ற வழி இன்னும் திறந்திருக்கிறது. பல நிறுவனங்கள் அதில் பணம் போடும். அது கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். போட்டவர் பட்டியலும் பெற்றவர் பட்டியலும் வெளியே வரும். யார் பணம் யாருக்குப் போனது என்பது வராது. உங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் கேனில் ஊற்றிய பிறகு யார் வீட்டுப் பால் என்று சொல்ல முடியுமா?

ஆண்டறிக்கை தபாலில் வந்த காலத்தில் நான் அதைப் பிரிக்காமலே பழைய பேப்பர்காரரிடம் போட்டவன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இந்த ஆண்டு அறிக்கையில் ‘இதர செலவுகள்’ குறிப்பைப் பாருங்கள். அறக்கட்டளையின் பெயர் இருந்தால், பணம் எந்தக் கட்சிக்குப் போயிற்று என்று நிறுவனத்தின் பங்குதாரர் பொதுக்கூட்டத்தில் கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.