தலையில் அடிபட்டு மாதக்கணக்காகியும் தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். ஸ்கேன் நார்மல் என்கிறார்கள். ஏன் இப்படி?

பைக்கில் விழுந்து ஆறு மாதமாகியும் ராத்திரி தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, வீட்டில் "அதான் ஸ்கேன்ல ஒண்ணுமில்லையே" என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நடப்பது நிஜம். கற்பனையும் இல்லை, மனபலம் போதாததும் இல்லை.

சி.டி. ஸ்கேன் முக்கியமாகத் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான். கன்கஷன், அதாவது அடிபட்டு மூளை அதிரும் காயத்தில், மூளை மண்டைக்குள் சட்டென்று குலுங்கித் திருகுகிறது. அப்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன, செல்களுக்குள் ரசாயனச் சமநிலை குலைகிறது. இது பெரும்பாலும் படத்தில் விழாது. ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும், கட்டாயம் போடவேண்டும். ஆனால் உள்ளே நடக்கும் குலுக்கலை முழுசாகத் தடுக்க அதனால் முடியாது. நிறையப் பேர் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு இழுக்கிறது. அமெரிக்காவில் 2019-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 'லேசான' தலைக்காயம் பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஆறு மாதத்துக்குள் மனச்சோர்வோ, விபத்து போன்ற அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பான பி.டி.எஸ்.டி.யின் அறிகுறிகளோ இருந்தன.

என் அண்ணனுக்கு வந்ததும் இதேதான். நாங்கள் பெங்களூரு ஸ்ரீராம்புரம். அண்ணன் பீன்யா தொழிற்பேட்டையில் சி.என்.சி. மெஷின் ஆபரேட்டர். மழைத் தண்ணீர் தேங்கிய குழியில் வண்டி இறங்கி விழுந்தார். தையல் பிரித்து, வேலைக்கும் போக ஆரம்பித்த பிறகுதான் தொல்லை தெரிந்தது. குக்கர் விசில் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவார். என்னிடம் குரல் உயர்த்திப் பேசியறியாதவர், டி.வி. சத்தம் தாங்காமல் ரிமோட்டைச் சுவரில் எறிந்தார். எறிந்த கையோடு உட்கார்ந்து அழுதார். அம்மா கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். அண்ணி, "இவர் ஆளே மாறிட்டாரு" என்று தனியாகச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்.

நரம்பியல் டாக்டர் முதலில் பிடித்துக்கொண்டது தூக்கத்தைத்தான். எத்தனை மணிக்குப் படுக்கிறார், எப்போது எழுகிறார், எந்த நாளில் கோபம் அதிகம் என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னார். எழுதிப் பார்த்தபோது எங்களுக்கே கண்ணுக்குத் தெரிந்தது: நைட் ஷிஃப்ட் வாரமும் அதற்கடுத்த நாட்களும்தான் மோசம். தலையில் அடிபட்டால் சிலருக்கு உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது, தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் ஹார்மோன் சுரப்பது குறைகிறது. தூக்கம் கெட்டால் மூளைக்கு உணர்ச்சியை அடக்கியாளும் தெம்பு குறையும். பதற்றத்தோடு படுத்தால் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே போகும். அதனால் தூக்கத்தை முதலில் கையில் எடுங்கள் என்பேன்.

கம்பெனியில் டாக்டர் சீட்டைக் காட்டி ஜெனரல் ஷிஃப்ட் மட்டும் வாங்கினோம். என்னைக் கேட்டால் மாத்திரையைவிட இதுதான் பெரிய மருந்து. கூடவே தூக்கமின்மைக்கான சி.பி.டி. சிகிச்சை, அதாவது மாத்திரையில்லாமல் பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் முறை: எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, பகல் தூக்கத்தைக் குறைப்பது, சாயங்காலத்துக்குமேல் டீ காபி இல்லை. காலை வெளிச்சத்தில் சாங்கி ஏரியைச் சுற்றி நடை. இருட்டறையில் வாரக்கணக்காகப் படுத்திருப்பது பழைய வைத்தியம். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய கன்கஷன் நிபுணர்களின் வழிகாட்டுதலும், ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு அறிகுறி பெரிதாக ஏறாத அளவுக்கு மெல்ல நடமாடச் சொல்கிறது.

மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். ஏற்கெனவே தள்ளாடும் ஞாபகமும் கவனமும் அதில் இன்னும் மங்கும். குடியும் வேண்டாம். பலமான குறட்டை இருந்தால் ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்பது) சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், அது தனி வைத்தியம். தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கைகால் தளர்ச்சி என்று வந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஓசூர் ரோடு நிமான்ஸ் அரசு மருத்துவமனையில் நரம்பியல், மனநலம், மறுவாழ்வு மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். சாகலாம் போலிருக்கிறது என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ உடனே கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் கூடவே இருக்கும் ஒருவரை அழைத்துப் போங்கள். எங்கள் அண்ணன் தலைவலி, தலைசுற்றல் எல்லாம் ஒப்பித்தார், கோபத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அண்ணி சொன்ன பிறகுதான் அது ஃபைலில் ஏறியது, வைத்தியமும் அதற்கேற்ப மாறியது.