அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களின் பெரியவர்கள் வில் செய்யக் கற்றுத்தரும்போது மரத்தை ஏன் அவ்வளவு நேரம் சுரண்டவைக்கிறார்கள்?

செரோக்கி மக்களின் பாரம்பரிய வில் ஒரே மரத்துண்டில் செதுக்கியது, ஒட்டுவேலை கிடையாது. அவர்களில் பலர் வாழும் ஓக்லஹோமா மாநிலத்தில் ஓசேஜ் ஆரஞ்சு என்ற கெட்டியான மரத்துக்குத்தான் மவுசு. நாணை இழுத்தால் வில்லின் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நசுங்கும். அதனால் வெளிப்புறம் முனைக்கு முனை ஒரே ஆண்டு வளையமாக இருக்க வேண்டும். நடுவில் வளையம் அறுபட்டால், ஓரம் கிழிந்த துணியை இழுத்த மாதிரி அங்கிருந்தே பிளந்துவிடும். சுரண்டும்போது, வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய வெளிர் அடுக்கு தீர்ந்து கெட்டியான மரம் தட்டுப்படும் இடத்தில் கத்தியை நிறுத்த வேண்டும். அது கைக்குத்தான் தெரியும்; பெரியவர் பக்கத்திலேயே நிற்பது அதற்காகத்தான். அம்புக்கு ஆற்றோர மூங்கில், அனலில் வாட்டி நிமிர்த்தியது. அப்புறம், சினிமாவில் குதிரைமேல் இருந்து எய்யும் குட்டை வில் சமவெளிப் பழங்குடிகளுடையது. செரோக்கியருடையது காட்டில் தரையில் நின்று எய்யும் நீண்ட வில்.