பழைய நிகழ்ச்சி நிரல்களைத் திறந்த இணைப்புத் தரவாக்க எங்கிருந்து தொடங்குவது?

நாடகமும் நடனமும் நிகழ்த்திவரும் ஒரு குழுவின் காப்பகத்தைப் பராமரிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த நிகழ்ச்சி நிரல்கள், நோட்டீஸ்கள், ஒளிப்படங்கள், ஒத்திகைக் குறிப்பேடுகள் ஆகியவற்றை அவரும் இரண்டு தன்னார்வலர்களும் சேர்ந்து, ஓர் எக்செல் கோப்பில் ஏறத்தாழ 2,300 வரிசைகளாகப் பதிந்து முடித்திருக்கிறார்கள். அதைத் திறந்த இணைப்புத் தரவாக வெளியிட விரும்புகிறார்கள். அவர் கேட்பவை மூன்று: நிரலாளர் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா? எல்லாவற்றையும் இணையத்தில் உள்ள பொதுத் தரவுத்தளமான விக்கித்தரவில் நேரடியாக ஏற்றிவிடலாமா? ஒளிப்படங்களின் உரிமையை எப்படிக் கையாள்வது?

உங்கள் கடிதத்தில் நிரலாளர் பற்றிய கவலையே மேலோங்கி நிற்கிறது. ஆனால், இந்த வேலையின் கடினமான பகுதி நிரல் எழுதுவதில் இல்லை. உங்கள் கோப்பின் ஒரு வரிசை எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறது என்று தீர்மானிப்பதே கடினமானது. அதை வெளியாள் ஒருவரால் செய்ய இயலாது; அந்தத் தாள்களைக் கையில் எடுத்துப் படித்த உங்கள் மூவரால்தான் இயலும்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006-இல் இணைப்புத் தரவுக்கு நான்கு விதிகளை எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலையான அடையாளம் வேண்டும். அந்த அடையாளம் வலைமுகவரியாகவும் இருக்க வேண்டும். அந்த முகவரிக்குச் செல்பவருக்குப் பொருளைப் பற்றிய விவரம் பொது வடிவத்தில் கிடைக்க வேண்டும். அந்த விவரத்திலிருந்து பிறருடைய பொருள்களுக்கும் இணைப்புகள் செல்ல வேண்டும். இவற்றோடு, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமமும் சேர்ந்தால் அது திறந்த இணைப்புத் தரவாகிறது. இதற்கான பொது வடிவம் ஆர்டிஎஃப் எனப்படுகிறது. அதில் ஒவ்வொரு கூற்றுக்கும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என மூன்றே உறுப்புகள் உண்டு. நம் பள்ளி இலக்கணம் நினைவில் இருப்பவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். பிழைகள் நேர்வதும் இலக்கணத்தில் நேர்வதுபோலவே, எழுவாயைத் தவறாகப் பிடிப்பதால்தான்.

எழுவாய் தவறினால் என்னவாகும் என்பதை ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’ பாலே நாடகத்தை வைத்துக் காட்டுகிறேன். எக்செல் கோப்பில் ‘படைப்பு’ என்றொரு நெடுவரிசையும், ‘இசை’, ‘நடன அமைப்பு’, ‘முதல் நிகழ்வு’ என மேலும் மூன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இசை என்ற இடத்தில் சைக்கோவ்ஸ்கி என்று எழுதுவதில் சிக்கல் இல்லை. நடன அமைப்பு என்ற இடத்தில் யாரை எழுதுவது? 1877-இல் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் முதன்முதலாக மேடையேறியபோது நடனத்தை அமைத்தவர் ஜூலியஸ் ரைசிங்கர். இன்று உலகெங்கும் பெரும்பாலான குழுக்கள் பின்பற்றும் வடிவமோ 1895-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் மரீன்ஸ்கி அரங்கில் மேடையேறியது. அதற்கு நடனம் அமைத்தவர்கள் மாரியஸ் பெட்டிபாவும் லெவ் இவானோவும். புகழ்பெற்ற ஏரிக்கரைக் காட்சிகள் இவானோவுடையவை. இசையமைப்பாளர் 1893-இலேயே காலமாகிவிட்டதால் அந்த வடிவத்தை அவர் பார்க்கவே இல்லை. ஒரே வரிசையில் ‘ஸ்வான் லேக், பெட்டிபா, 1877’ என்று பதிந்தால், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே உண்மையாக இருக்க, சேர்ந்த கூற்று பொய்யாகிவிடுகிறது.

ஆகவே, குறைந்தது மூன்று பொருள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். படைப்பு ஒன்று, அந்தப் படைப்பை ஒரு குழு ஒரு காலத்தில் ஓர் இயக்குநரையும் நடன அமைப்பாளரையும் கொண்டு உருவாக்கிய தயாரிப்பு இன்னொன்று, அந்தத் தயாரிப்பு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட அரங்கில் மேடையேறிய நிகழ்வு மூன்றாவது. எழுத்தாளரும் இசையமைப்பாளரும் படைப்போடு சேர்வார்கள். இயக்குநர், நடன அமைப்பாளர், ஒளியமைப்பாளர், உடையமைப்பாளர் ஆகியோர் தயாரிப்போடு சேர்வார்கள். அன்று மேடையில் நின்றவர்கள் நிகழ்வோடு சேர்வார்கள். நூலகத் துறையின் எஃப்ஆர்பிஆர் மாதிரியையும், அருங்காட்சியகத் துறையின் சிடாக் சிஆர்எம் மாதிரியையும் இணைத்து உருவான எஃப்ஆர்பிஆர்ஓஓ இதைவிட நுட்பமாகப் பிரிக்கிறது. அதை முழுமையாகப் பின்பற்ற வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. அதிலிருந்து ஒரு கருத்தை மட்டும் கட்டாயம் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

அந்த மாதிரி, நிகழ்த்துவதற்கான திட்டம் வேறு, நிகழ்ந்த நிகழ்வு வேறு என்று பிரிக்கிறது. காப்பகத்தில் வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் இல்லை. ஏனென்றால், நம் கையில் உள்ள நிகழ்ச்சி நிரல் ஒரு திட்டம்தான். அது நிகழ்ச்சிக்குச் சில நாள்கள் முன்பே அச்சானது. முதன்மை நடிகருக்குக் காய்ச்சல் வந்தது, மழையால் இரண்டாம் நாள் ஆட்டம் கைவிடப்பட்டது, ஓர் உருப்படி கடைசி நேரத்தில் மாற்றப்பட்டது ஆகிய எதுவும் அதற்குத் தெரியாது. உங்கள் பெட்டிகளிலும் இப்படிப்பட்ட தாள்கள் இருக்கும்: நிரலின் நடுப்பக்கத்தில் ‘இன்று இவருக்குப் பதிலாக இவர்’ என்று தட்டச்சு செய்து ஒட்டிய சிறு துண்டு, பழைய பசை காய்ந்து அது பாதி உரிந்திருக்கும், அடியில் அச்சான பெயர் எட்டிப்பார்க்கும். பதிவு செய்யும்போது பலரும் அச்சான பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அன்று உண்மையில் மேடையேறிய கலைஞர் அந்தக் கணத்தில் வரலாற்றிலிருந்து விடுபட்டுப்போகிறார். அந்தத் துண்டைத் தனிச் சான்றாகப் பதியுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் ‘எதன்படி’ என்ற புலத்தைச் சேர்த்து, நிரலின்படி இவர், ஒட்டிய துண்டின்படி அவர், மேலாளரின் குறிப்பேட்டின்படி அன்று ஆட்டமே நடக்கவில்லை என்று மூன்றையும் அருகருகே வைத்துவிடலாம். முரண்படும் கூற்றுகளையும் அவற்றின் சான்றுகளையும் ஒன்றாகத் தாங்குவதற்கு இணைப்புத் தரவு இடம் தருகிறது. எக்செல் கட்டத்தில் அதற்கு இடம் இல்லை.

அடுத்தது பெயர்கள். நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் செலவாகும், அதற்குத் தயாராகிக்கொள்ளுங்கள். சைக்கோவ்ஸ்கியின் பெயர் பழைய நிரல்களில் மொழிக்கு ஒரு விதமாக, சில நேரம் ஒரே மொழியிலேயே நான்கைந்து விதமாக எழுதப்பட்டிருக்கிறது. விக்கித்தரவில் அவருக்குரிய அடையாள எண் கியூ7315. எந்த எழுத்துக்கூட்டலில் அச்சாகியிருந்தாலும் அந்த எண் ஒன்றுதான். உங்கள் கோப்பின் பெயர்களை இப்படிப்பட்ட எண்களோடு பொருத்துவதற்கு ஓப்பன்ரிஃபைன் என்ற இலவசக் கருவி போதும். அது உங்கள் கணினியிலேயே இயங்கும். ஒரே மாதிரியான எழுத்துக்கூட்டல்களைத் திரட்டிக் காட்டும். விக்கித்தரவில் பொருந்தக்கூடியவர்களைப் பரிந்துரைக்கும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. அச்சில் உள்ளபடியான பெயரை மட்டும் ஒருபோதும் அழித்துவிடாதீர்கள். அதைத் தனிப் புலத்தில் வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் அடையாள எண்ணைச் சேருங்கள்.

கருவியின் பரிந்துரையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில் உள்ள ஆபத்தை நான் சொந்தத் தவறிலிருந்து கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய காப்பகத்துக்காகப் பொருத்தும் வேலையில் ஈடுபட்டிருந்தபோது, ஒரே பெயருடைய இரண்டு நடனக் கலைஞர்களை ஒருவராக இணைத்துவிட்டேன். பெயரும் காலமும் ஊரும் ஒத்திருந்தன; இருவரும் உறவினர்கள் என்பதை நான் விசாரிக்கவில்லை. சில மாதங்களுக்குள் அந்த இணைப்பை வேறு இரண்டு தரவுத்தளங்கள் எடுத்துக்கொண்டன. இளையவரின் பணி முழுவதும் மூத்தவர் கணக்கில் சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் திருத்த ஒரு மணி நேரம்தான் ஆயிற்று. பரவிய இடங்களில் எல்லாம் திருத்தி முடிக்க ஓராண்டு ஆயிற்று. அன்றிலிருந்து, பெயரைத் தவிர இன்னொரு தனிச் சான்றாவது இல்லாமல் நான் எவரையும் இணைப்பதில்லை. ஐயம் இருந்தால் இருவராகவே விட்டுவிடுங்கள். பின்னாளில் இருவரை ஒருவராக்குவது எளிது, ஒருவரை இருவராகப் பிரிப்பதோ மிகவும் கடினம்.

ஒரு நிகழ்வில் ஒருவர் வகிக்கும் பங்குகளையும் கவனியுங்கள். நியூயார்க்கின் கார்னகி ஹால் 1891 மே 5 அன்று திறக்கப்பட்டபோது, சைக்கோவ்ஸ்கி நேரில் வந்து தம் இசையைத் தாமே நடத்தினார். அந்த நிகழ்வில் இசையமைப்பாளர், இசை நடத்துநர் என்ற இரண்டும் ஒரே மனிதர். ‘இசையமைப்பாளர்கள்’ என ஒரு பட்டியலும் ‘நடத்துநர்கள்’ என ஒரு பட்டியலும் தனித்தனியே வைத்திருந்தால் அவர் இரண்டு பேராகிவிடுவார். பங்கு என்பது மனிதரின் பண்பு அன்று. அது அவருக்கும் அந்த நிகழ்வுக்கும் இடையிலான உறவு.

நாள்களைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்வான் லேக்கின் முதல் மேடையேற்றத்தைச் சில நூல்கள் 1877 பிப்ரவரி 20 என்றும், சில மார்ச் 4 என்றும் குறிக்கும். இரண்டும் ஒரே நாள்தான். ரஷ்யா அப்போது ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றியது; 19-ஆம் நூற்றாண்டில் அதற்கும் கிரிகோரியன் நாள்காட்டிக்கும் இடையே 12 நாள் வேறுபாடு. உங்கள் காப்பகத்துக்கு இந்தச் சிக்கல் வராமல் போகலாம், ஆனால் ‘1984 என்று நினைக்கிறோம்’ வகைச் சிக்கல் கட்டாயம் வரும். நாள்களையும் நேரத்தையும் எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601-இன் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பின் இரண்டாம் பகுதி அதற்கு வழி தருகிறது: ‘1984?’ என்றால் உறுதியற்றது, ‘1984~’ என்றால் ஏறத்தாழ. ஜனவரி 1 என்று பொய்யாக நிரப்புவதைவிட இது எவ்வளவோ நேர்மையானது.

விக்கித்தரவில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் ஏற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. 2012-இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவு ஒரு பொது இடம். எதைச் சேர்க்கலாம் என்பதற்கு அதற்கென்று குறிப்பிடத்தக்கமை விதிகள் உண்டு, யாரும் எதையும் திருத்தலாம். குழு, முக்கியத் தயாரிப்புகள், அரங்குகள், பிற சான்றுகளும் உள்ள கலைஞர்கள் ஆகியோரை அங்கே சேர்ப்பது மிகவும் பயனுள்ளது. ஒரே தயாரிப்பின் 60 நிகழ்வுகளையும், ஒருமுறை மட்டும் மேடையேறிய மாணவர்களின் பெயர்களையும் உங்கள் சொந்தத் தரவுத்தொகுதியில் வைத்திருங்கள். கார்னகி ஹாலின் காப்பகம் இவ்வாறுதான் செய்திருக்கிறது. தன் நிகழ்ச்சி வரலாற்றைத் தன் இடத்திலேயே இணைப்புத் தரவாக 2017-இல் வெளியிட்டது. அதன் கலைஞர் எண்களுக்கு விக்கித்தரவில் பி4104 என்ற தனிப் பண்பு (அந்த எண்களைக் குறிப்பதற்கான புலம்) இருப்பதால், இரு பக்கமும் ஒன்றையொன்று சுட்டுகின்றன.

சொந்த இடம் என்றால் பெரிய சர்வர் வேண்டும் என்று எண்ண வேண்டாம். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம், அதோடு ஒரு ஆர்டிஎஃப் கோப்பு என்ற எளிய ஏற்பாடே போதும். முகவரி மட்டும் நிலையாக இருக்க வேண்டும். அதில் குழுவின் பெயரையோ மென்பொருளின் பெயரையோ நாடகத் தலைப்பையோ புகுத்தாமல், பொருளற்ற எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் மாறும், தலைப்புகளில் எழுத்துப்பிழைகள் கண்டுபிடிக்கப்படும். எண்ணுக்கு அந்த ஆபத்து இல்லை.

இனி உரிமை. தரவையும் ஒளிப்படத்தையும் வெவ்வேறாகக் கருதுங்கள். யார், எங்கே, எப்போது மேடையேறினார் என்ற செய்திகளை நீங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் சீரோ அறிவிப்போடு, அதாவது எந்த உரிமையும் கோராமல், வெளியிடலாம். விக்கித்தரவும் தன் தரவுக்கு அதையே கேட்கிறது. ஒளிப்படத்தின் உரிமையோ பொதுவாக எடுத்தவருடையது. படம் உங்கள் பெட்டியில் இருப்பதால் உரிமை உங்களிடம் வந்துவிடாது. எடுத்தவர் யாரென்று தெரியாத படங்களுக்கு விவரத்தை மட்டும் வெளியிடுங்கள். 2016 முதல் இயங்கும் ரைட்ஸ் ஸ்டேட்மெண்ட்ஸ் தளம் இதற்கென்றே 12 நிலையான வாசகங்களை வைத்திருக்கிறது. ‘பதிப்புரிமை மதிப்பிடப்படவில்லை’ என்பதும் அவற்றுள் ஒன்று. வாழும் கலைஞர்களின் பிறந்த தேதி, முகவரி, உடல்நலக் காரணங்கள் போன்றவற்றை, அவை உங்கள் குறிப்பேட்டில் இருந்தாலும், வெளியிடும் கோப்பில் சேர்க்காதீர்கள். யாராவது தம் பெயரை நீக்கவோ மாற்றவோ கேட்டால் எங்கே எழுத வேண்டும் என்பதைத் தளத்தின் முதல் பக்கத்திலேயே அறிவியுங்கள்.

தொடங்கும்போது 2,300 வரிசைகளையும் ஒன்றாகக் கையில் எடுக்க வேண்டாம். சான்றுகள் நிறைய உள்ள ஒரே ஒரு தயாரிப்பைத் தேர்ந்தெடுத்து, மேசையில் அதன் தாள்களை எல்லாம் பரப்பி, படைப்பு, தயாரிப்பு, நிகழ்வு, மனிதர், அரங்கு என ஐந்து தாவல்களாகப் புதிய எக்செல் கோப்பில் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். எந்தத் தாளை எங்கே வைப்பது என்று மூவருக்குள் கருத்து வேறுபாடு எழும். அந்த விவாதத்தின் முடிவுகளைத் தேதியிட்டு ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த தயாரிப்புக்கு அதுவே உங்கள் விதிநூல். இவ்வாறு மூன்று தயாரிப்புகளை முடித்த பிறகு, தாவல்களை ஆர்டிஎஃப் ஆக மாற்றவும் முகவரிகளை அமைக்கவும் ஒரு நிரலாளரை அழையுங்கள். பிரித்து எண்ணிட்ட கோப்பு கையில் இருந்தால் அவருக்குச் சில நாள்களுக்கு மேல் வேலை இராது.