‘மனக்கவலை தீரும்’ என்று விற்ற புரோபயாட்டிக் டப்பா

கேள்வி: என் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். ஆறு மாதமாகத் தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் பதற்றம். டாக்டர் எழுதிய மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறாள். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை அண்ணாச்சி, “வயித்தச் சரி பண்ணினா மனசு தானா சரியாயிரும்” என்று 1,450 ரூபாய்க்கு ஒரு புரோபயாட்டிக் (குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா) டப்பா கொடுத்தார். ‘50 பில்லியன்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. இதைக் கொடுத்துவிட்டு மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. மனநல மாத்திரைகளைத் திடீரென விட்டால் தலைசுற்றும், தூக்கம் இன்னும் கெடும், அடங்கியிருந்த பதற்றம் திரும்பி வரும். கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. டப்பாவைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

அண்ணாச்சி சொன்னது முழுப் பொய்யில்லை. பரீட்சை அன்று காலையில் வயிற்றைக் கலக்குகிறதே, குடலுக்கும் மூளைக்கும் அப்படி ஒரு தொடுப்பு உண்டு. வேகஸ் நரம்பு அதில் முக்கியமான பாதை. மனநிலையோடு தொடர்புள்ள ரசாயனமான செரடோனின் உடம்பில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. விளம்பரம் பிடித்துக்கொள்வது இதைத்தான். அந்தச் செரடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை. சிலவற்றில் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது மனச்சோர்வு கொஞ்சம் குறைந்தது. சிலவற்றில் ஒரு வித்தியாசமும் இல்லை.

சரி, டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். வெறும் ‘லாக்டோபேசில்லஸ்’ என்று பாக்டீரியாவின் பொதுப்பெயர் மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் அம்பாசமுத்திரம் ஆயிற்றே, நெல் என்று சொன்னால் விடுவீர்களா? அம்பை 16-ஆ, வேறு ரகமா என்று கேட்பீர்கள் அல்லவா? பாக்டீரியாவிலும் ரகம்தான் முக்கியம். 2011-இல் பிரான்சில் நடந்த ஓர் ஆய்வில், நலமாக இருந்தவர்கள் 30 நாள் சாப்பிட்டு மன இறுக்கம் குறைந்தது, ஹெல்வெட்டிகஸ் ஆர்0052, லாங்கம் ஆர்0175 என்ற குறிப்பிட்ட பாக்டீரியா ஜோடியால். அந்தப் பலனை வேறு ரகத்தின் கணக்கில் எழுத முடியாது.

50 பில்லியன் என்றால் 5,000 கோடி பாக்டீரியா. தயாரித்த அன்றா, காலாவதி நாள் வரைக்குமா என்று பாருங்கள். ‘குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும்’ என்று எழுதிய டப்பா நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் கடை அலமாரியிலேயே இருந்திருந்தால், அதில் எத்தனை உயிரோடு இருக்கும்? அட்டையில் 14 இலக்க உணவு உரிம எண் இருந்தால் அது உணவுப்பொருள்தான், மருந்தில்லை. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரியும் இருக்கும். நோய் தீரும் என்று சொல்லி அதை விற்கக் கூடாது. பில் இருந்தால் முதலில் கடையில் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண். மகளுக்கு மனசு விட்டுப் பேச ஆள் தேவைப்பட்டால் அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை.

கேள்வி: பிரிபயாட்டிக் பவுடர் வாங்கலாமா? பழஞ்சோறே போதுமா?
– வாசகர், தென்காசி

பதில்: பிரிபயாட்டிக் என்பது குடல் பாக்டீரியாவுக்குத் தீனி. சின்ன உள்ளி, பூண்டு, வாழைக்காய் எல்லாவற்றிலும் இருக்கிறது. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு வகைப் பவுடர்களைச் சோதித்தார்கள். காலையில் ஏறும் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன், அவற்றில் ஒரு பவுடரில்தான் குறைந்தது. பழஞ்சோறும் மோரும் வயிற்றுக்கு நல்லவை, மனநோய்க்கு மருந்தில்லை. (இட்லி மாவில் உள்ளது வேகும்போதே செத்துவிடும்.) பவுடர் வாங்கியே தீருவேன் என்றால் கால் கரண்டியில் ஆரம்பியுங்கள். முதல் நாளே இரண்டு கரண்டி போட்டால் வயிறு உப்பிக்கொண்டு பஸ்ஸில் உட்கார முடியாது.