போர்டு மாட்டாவிட்டாலும் அது விடுதிதான்

கேள்வி: புதுச்சேரி வைசியாள் வீதியில் அப்பா காலத்து வீடு. கீழே நானும் கணவரும் இருக்கிறோம். மாடியில் மூன்று அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்குக் காலை டிபனோடு கொடுத்து வருகிறோம். ஆட்கள் ஆன்லைன் வழியாக வருகிறார்கள். வாசலில் போர்டுகூட இல்லை. இப்போது, உரிமம் இல்லாமல் விடுதி நடத்துவதாக நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு எதற்கு லைசென்ஸ்? வீடு என் பெயரிலும் பிரான்ஸில் இருக்கும் அண்ணன் பெயரிலும் கூட்டாக உள்ளது. சென்னையில் வேலை பார்க்கும் மகன், தந்திராயன்குப்பம் கடற்கரைப் பக்கம் வாங்கியுள்ள வீட்டையும் இப்படியே விட நினைக்கிறான். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: அம்மா, நீங்கள் அங்கே குடியிருப்பது உங்களுக்குச் சாதகமான விஷயம்தான். ஆனால் அதனால் உரிமம் வேண்டாம் என்று ஆகிவிடாது. பணம் வாங்கிக்கொண்டு தொடர்ந்து ஆட்களைத் தங்கவைத்தால் அது தொழில். 1973ஆம் ஆண்டு புதுச்சேரி நகராட்சிகள் சட்டப்படி நகராட்சி உரிமம் கேட்கலாம். ஆன்லைன் தளத்தில் இடம் கிடைத்ததை அனுமதி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கம்பெனி விளம்பரம் செய்து கமிஷன் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நோட்டீஸை மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அதில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, உரிமத்துக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொல்லி, பதிலின் நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் கைக்கு வரும்வரை புது புக்கிங் எடுக்க வேண்டாம். விண்ணப்ப ரசீதைக் காட்டித் தொழிலை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குடியிருப்பு வீட்டை இப்படிப் பயன்படுத்தலாமா என்பதை நகரத் திட்டக் குழுமத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். 2012ஆம் ஆண்டின் கட்டட, மண்டல விதிகள் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

விண்ணப்பத்தோடு வீட்டுப் பத்திரத்தைக் காட்டும்போது அண்ணன் பெயர் வரும். அவருடைய சம்மதம் இல்லாமல் போனால் நாளைக்கு அவரே ஆட்சேபிக்கலாம். இல்லாவிட்டால் அவர் பிள்ளைகள் வருமானத்தில் பங்கு கேட்கலாம். சம்மதக் கடிதத்தைவிட அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) நல்லது. பாரிஸில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதைத் தவறவிட்டு, பிறகு அபராதம் கட்டுபவர்கள் நம் ஊரில் ஏராளம்.

மத்திய சுற்றுலா அமைச்சகம் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ வீடுகளுக்கு வெள்ளி, தங்கம் என்று தரச்சான்று தருகிறது. ஒன்று முதல் ஆறு அறைகள் வரை, அதிகபட்சம் பன்னிரண்டு படுக்கைகள்; உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். உங்கள் வீடு இதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. விருப்பம் இருந்தால் வாங்கலாம், கட்டாயம் இல்லை. நகராட்சி உரிமத்துக்கு இது மாற்றும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. வெளிநாட்டவர் யாராவது தங்கினார்களா? வைசியாள் வீதியில் தங்காமல் இருந்திருக்க மாட்டார்கள். காசு வாங்கித் தங்கவைக்கும் எவரும், வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியில் தகவல் கொடுக்க வேண்டும். ‘சி படிவம்’ என்று எல்லோருக்கும் பழகிய விஷயம் இது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் வந்துவிட்டது. கடமை மட்டும் அப்படியே இருக்கிறது. நகராட்சி விவகாரம் பெரும்பாலும் கட்டணம், அபராதம், பூட்டு என்ற அளவில் நின்றுவிடும். இது போலீஸ் விவகாரம். நம் ஊரில் இதில் ஒரு சிக்கலும் உண்டு. பாரிஸிலிருந்து வருகிறவர் அச்சு அசல் புதுச்சேரித் தமிழ் பேசுவார், ‘நம்ம முத்தியால்பேட்டைதான்’ என்பார். நோட்டில் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் எழுதிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவீர்கள். அவர் பையில் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட்டாக இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். பேச்சை வைத்து முடிவு செய்யாமல் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள்.

அடுத்தது மின்சாரம். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. பொருந்தக்கூடிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் சோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்கும் போடலாம். மூன்று ஏசி ஓடும் வீட்டில் அது எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மாடிக்குத் தனி மீட்டர் கேட்டு, எந்தக் கட்டண வகை பொருந்தும் என்று மின்துறையிடம் எழுதிக் கேளுங்கள்.

இட்லி, பொங்கலாகவே இருந்தாலும் விற்பதற்குச் சமைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சின்ன அளவுக்கு இது எளிது. அடுப்புக்கு 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வைக்காதீர்கள்.

ஜிஎஸ்டி பற்றிப் பயப்பட வேண்டாம். உங்கள் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை நீங்கள் பதிவு செய்யத் தேவையில்லை. ஆன்லைன் தளம் வழியாக வரும் அறை வாடகைக்கு அந்தத் தளமே வரி கட்டும். பதிவு இல்லாமல் நேரடி விருந்தினரிடம் ‘ஜிஎஸ்டி’ என்று தனியாக வாங்குவதுதான் தவறு.

இனி உங்கள் மகன் விஷயம். கடிதத்தில் தந்திராயன்குப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே உள்ள செரினிட்டி பீச் என்றால் எல்லோரும் பாண்டி என்றுதான் நினைக்கிறார்கள். அது விழுப்புரம் மாவட்டம், கோட்டக்குப்பம் நகராட்சி. உங்கள் புதுச்சேரி உரிமத்தின் நகல் அங்கே செல்லாது. தமிழ்நாட்டுச் சட்டப்படி எல்லாவற்றையும் முதலிலிருந்து வாங்க வேண்டும். அவர் சென்னையில் இருப்பதால் மத்திய அரசின் தரச்சான்றும் அந்த வீட்டுக்குக் கிடைக்காது. ஆள் வைத்து நடத்தினால் அது விருந்தினர் இல்லம் என்ற கணக்கில்தான் வரும். மொட்டை மாடியில் ஓர் அறை, கடலைப் பார்த்து ஒரு கொட்டகை என்று கட்ட ஆசைப்பட்டால், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம்.

பாண்டியில் வாங்கிய பாட்டிலோடு விருந்தினர் அந்த வீட்டுக்கு வந்தால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் குறுக்கே நிற்கும். கோட்டக்குப்பத்தில் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பது ஊரறிந்த விஷயம். அறையில் மாட்டும் விதிமுறைத் தாளில் இதை மேலேயே எழுதச் சொல்லுங்கள். இரண்டு வீட்டிலும் நீங்களாக மதுவை விற்கவோ பரிமாறவோ கூடாது. அதற்கு வேறு உரிமம் வேண்டும், மூன்று அறை வீட்டுக்கு அந்த வழியே வேண்டாம்.