சிவப்பு ஜெரேனியம்: இலை செழிக்கிறது, பூ எங்கே?

கேள்வி: வாங்கும்போது கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ இருந்தது. பெரிய தொட்டிக்கு மாற்றி, சாண உரமும் யூரியாவும் போட்ட பிறகு இலை மட்டும்தான் தளதளவென்று வருகிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் போட்டது இலைக்கான தீனி. தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் ஜெரேனியம் பூவை மறந்துவிடும். யூரியாவை உடனே நிறுத்துங்கள். சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிகுந்த திரவ உரத்தை, பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி எடுத்துக் கரைத்து, 2 வாரத்துக்கு ஒரு முறை ஊற்றினால் போதும். வேர் சற்று நெருக்கமாக இருந்தால்தான் இது நன்றாகப் பூக்கும். ஒரு செடிக்கு 6 முதல் 8 அங்குலத் தொட்டியே சரி. தினமும் 6 மணி நேர வெயில் வேண்டும். கடுங்கோடையில் பூ குறைவது இயல்பு. அப்போது பிற்பகல் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடிய கொத்தை அப்படியே விடாதீர்கள். பூக்காம்பைத் தண்டோடு சேரும் இடத்தில் பிடித்துப் பக்கவாட்டில் மடக்கினால் 'பட்'டென்று சுத்தமாக ஒடிந்து வரும். பூவிதழை மட்டும் உதிர்த்துவிட்டால் செடி விதை பிடிக்கப் போய்விடும்.

கேள்வி: நட்ட குச்சிகள் எல்லாம் அடியில் கறுத்து அழுகுகின்றன. வேர் பிடிக்கும் மருந்து தொட்டும் பயனில்லை.

பதில்: ஈரத்தில் பெருகும் பூஞ்சை போன்ற கிருமியின் வேலை இது. கறுத்ததைக் காப்பாற்ற முடியாது, மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். பூ இல்லாத இளந்தண்டை 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். அடியிலைகளையும் கணுவில் இருக்கும் சிறு செதில்களையும் கிள்ளிவிடுங்கள். அழுகல் பெரும்பாலும் அந்தச் செதிலில்தான் தொடங்கும். வெட்டுவாய் உலர ஓர் இரவு நிழலில் வைத்து, பாதி மணலும் பாதி கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) கலந்த புதுக் கலவையில் நடுங்கள். பாலித்தீன் மூடவே கூடாது. மருந்தும் தேவையில்லை. ஒரு முறை தண்ணீர் விட்ட பின், மேல் மண் காயும்வரை தொடாதீர்கள். 3 அல்லது 4 வாரத்தில் வேர் வரும்.

கேள்வி: இலையின் அடியில் பழுப்புப் புடைப்புகள். துரு நோயா?

பதில்: வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். பழுப்புப் பொடி ஒட்டினால் துரு நோய்; புள்ளிகள் வளையம் வளையமாகவும் இருக்கும். அந்த இலைகளைப் பறித்து எரித்துவிட்டு, இனி இலை நனையாமல் வேரில் மட்டும் தண்ணீர் விடுங்கள். பொடி ஒட்டாமல் தக்கை போலச் சொரசொரத்தால் அது நோயே அல்ல. மேகமூட்டமான நாட்களில் தண்ணீர் அதிகமானதன் விளைவு. பாய்ச்சலைக் குறைத்தால் புது இலைகள் சுத்தமாக வரும்.